திருத்தாத கூரைக்கு ஒரு வரிச்சலுகை



இன்றைக்கு வீட்டையும் வரியையும் சேர்த்துப் பேசப் போகிறேன். வரி என்றதும் தயவுசெய்து வானொலியை மூடிவிடாதீர்கள். வாடகைக்கு இருப்பவர், வாடகைக்கு விடுபவர், காணி வாங்கக் காசு சேர்ப்பவர் எல்லோருடைய மாதக் கணக்கிலும் இது இருக்கிறது.

நான் பொரளையில் நொத்தாரிசு. அலுவலகம் சந்தியிலிருந்து கொட்டா வீதிப் பக்கம். சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை, கண் வைத்தியசாலை, தேசிய வைத்தியசாலை எல்லாம் கிட்ட இருப்பதால் தாதிமாரும் சிற்றூழியர்களும் வாடகை ஒப்பந்தம் எழுத என்னிடம் வருவார்கள். வெள்ளவத்தையிலிருந்து 154 பஸ்ஸில் வருகிறவர்களும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அனுப்பிய அற்றோணித் தத்துவத்தோடு வருவார்கள்.

அண்மையில் ஓர் இளம் சோடி வந்தது. சொந்த இடம் வவுனியா. மனைவி தாதி, கணவர் தெமட்டகொடையில் கணக்கு வேலை. மேல்மாடி அனெக்ஸ் ஒன்று, இரண்டு வருட ஒப்பந்தம், ஒரு வருட வாடகை முற்பணம். வீட்டுக்காரர் கொண்டுவந்த பழைய ஒப்பந்தத்தை நான் வாசித்துக் காட்டினேன். குழாய், மின்குமிழ், கான் அடைப்பு, சுவருக்குப் பூச்சு என்று வரிசையாகப் போய், கடைசியில் ஏனைய திருத்தவேலைகள் யாவும் வாடகைக்காரரைச் சேரும் என்று முடிந்தது. அந்தப் பிள்ளை கேட்டாள்: "மிஸ், கூரை ஒழுகினாலும் நாங்கள்தானோ திருத்த வேணும்?"

வீட்டுக்காரர் கெட்ட மனிதர் இல்லை. "எல்லாரும் அப்பிடித்தான் எழுதுறது மகள்," என்றார். உண்மைதான், எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். கூரையும் சுவரும் உரிமையாளர் பொறுப்பு என்று ஒரு வசனம் சேர்க்கலாமா என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சம்மதித்தார். கையொப்பம் வைத்துப் போனார்கள்.

இனி உள்நாட்டு இறைவரிச் சட்டத்துக்கு வாருங்கள், நேயர்களே. வாடகை வருமானம் பெறும் தனியாளுக்கு அந்த வருமானத்தில் 25 சதவீதத்தைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு வரி கட்டச் சலுகை உண்டு. திருத்தவேலை, பராமரிப்பு, தேய்மானம் ஆகியவற்றுக்காக அந்தக் கழிவு. பற்றுச்சீட்டு காட்ட வேண்டியதில்லை. ஓர் ஓடு மாற்றாமல் இருந்தாலும் 25 சதவீதம் கழியும். மாதம் ஒரு இலட்சம் ரூபா வாடகை என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 12 இலட்சம். அதில் மூன்று இலட்சம் கணக்கிலிருந்து விலகிவிடும். மேல்மட்டமான 36 சதவீதத்தில் வரி கட்டுபவருக்கு மிச்சம் 108,000 ரூபா. திருத்தவேலையை வாடகைக்காரர் செய்கிறார், அதற்கான சலுகை வீட்டுக்காரருக்குப் போகிறது.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாமார் சிலர், "ஒரு அறையை வாடகைக்கு விட்டுத்தானே நான் மருந்து வாங்குறன்" என்று நினைக்கலாம். உங்களைப் பற்றி நான் பேசவில்லை. 2025 ஏப்ரலிலிருந்து வருடம் 18 இலட்சம் வரையான வருமானத்துக்கு வரியே இல்லை. ஒரு அறை வாடகையில் வாழ்கிறவருக்கு இந்த 25 சதவீதம் தேவைப்படுவதில்லை. மூன்று வீடு, நான்கு வீடு வைத்திருப்பவருக்குத்தான் அது உதவுகிறது.

மற்றப் பக்கத்தையும் பாருங்கள். வங்கிக் கடன் எடுத்து முதல் வீடு வாங்குகிறவருக்கும் ஒரு சலுகை இருந்தது. வீட்டுக்கடன் வட்டியை மருத்துவம், கல்வி போன்ற செலவுகளோடு சேர்த்து, வருடத்துக்கு 12 இலட்சம் வரையில் வருமானத்திலிருந்து கழிக்க முடிந்தது. பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, 2023 தொடக்கத்தோடு அது எடுக்கப்பட்டுவிட்டது. வாடகைக்கு விடுபவரின் 25 சதவீதம் தங்கிவிட்டது. அரசுக்குக் காசு தேவைப்பட்டது எனக்கு விளங்குகிறது. ஆனால் குடியிருக்க வாங்குகிறவரிடமிருந்து எடுத்து, முதலீட்டுக்கு வாங்குகிறவரிடம் விட்டுவைத்த அந்தத் தெரிவை என்னால் ஏற்க முடியவில்லை.

பெரிய கட்டடங்களின் கதை தனி. 2008ஆம் ஆண்டின் உபாயமுறை அபிவிருத்திக் கருத்திட்டச் சட்டம் 25 வருடம் வரை வரிவிலக்குக் கொடுக்க வழி செய்தது. கொம்பனித்தெருவில் ஹோட்டலோடு சொகுசுத் தொடர்மாடிகளும் சேர்ந்து எழுந்த சினமன் லைஃப் திட்டம் அந்தச் சட்டத்தின் கீழ் வந்ததுதான். துறைமுக நகருக்கு 2021இல் வந்த சட்டம் 40 வருடம் வரை போனது. வரியில்லாத இலாபத்தை நம்பிக் காணி கேட்பவர் கூடிய விலை கொடுப்பார். அந்த விலை அடுத்த காணிக்காரர் காதில் விழும், அவரும் தன் பேர்ச்சஸுக்கு அதையே சொல்வார். 2023இல் சர்வதேச நாணய நிதியம் வெளியிட்ட ஆளுகை பற்றிய அறிக்கை அந்த 2008ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கவோ நிறுத்திவைக்கவோ சொன்னது.

வனாத்தமுல்லையில் இருக்கும் நேயர்களுக்கு இது ஏட்டுக் கணக்கு இல்லை. பேஸ்லைன் வீதியோரம் நிற்கும் சஹஸ்புர தொடர்மாடியின் 671 வீடுகள் 2000களின் தொடக்கத்தில் கட்டப்பட்டவை. சேரித் தோட்டங்களிலிருந்த குடும்பங்களை மாடிக்கு ஏற்றி, விடுபடும் காணியை முதலீட்டுக்குக் கொடுப்பது அந்த யோசனை. 2010க்குப் பிறகு நகர அபிவிருத்தி அதிகார சபை அதையே பெரிதாகச் செய்தது. சுமார் 400 சதுர அடி வீட்டுக்குப் பத்து இலட்சம் ரூபா வரை தவணையில் கட்டச் சொன்னார்கள். கட்டியவர்களில் எத்தனையோ பேர் உறுதி எப்போது கிடைக்கும் என்று கேட்டு என் மேசைக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது பற்றுச்சீட்டுக் கட்டு. வரிவிலக்குப் பெற்றவரின் உரிமை வர்த்தமானியில் அச்சாகிவிடுகிறது. இவர்களுடைய உரிமை கோப்புக்குள் கிடக்கிறது.

உறுதி என்று சொன்னதால் இன்னும் கொஞ்ச நேரம் தாருங்கள். என் தொழிலில் எனக்கு மிகப் பிடித்த காகிதங்கள் 1970களின் உறுதிகள். சிறிமாவோ பண்டாரநாயக்காவின் கூட்டரசாங்கத்தில் வீடமைப்பு அமைச்சராக இருந்த பீட்டர் கெனமன் 1973இல் வீட்டாதன உச்சவரம்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார். ஒரு குடும்பத்துக்கு இரண்டு வீடு, தங்கி வாழும் பிள்ளை ஒவ்வொருவருக்கும் மேலும் ஒரு வீடு. அதற்கு மேலுள்ளவை தேசிய வீடமைப்பு ஆணையாளருக்குப் போயின. குடியிருந்தவர் வாங்கலாம். பொரளையிலும் மருதானையிலும் வரிசை வீடுகளில் தலைமுறையாக வாடகை கொடுத்து வந்தவர்கள் அப்படித்தான் சொந்தக்காரர் ஆனார்கள். அந்த உறுதிகளின் இரண்டாம் பக்கத்தில் வாங்குபவரின் தொழில் எழுதியிருக்கும்: தையற்காரர், அச்சுக் கோப்பவர், ஆஸ்பத்திரிச் சிற்றூழியர். ஓரம் கிழிந்து, துணியில் சுற்றி, அலுமாரி அடியிலிருந்து பேரப்பிள்ளைகள் எடுத்து வருவார்கள். நான் கை கழுவித்தான் அதைப் பிரிப்பேன்.

அந்தச் சட்டம் அப்படியே திரும்பி வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாடகைக் கட்டுப்பாடும் உச்சவரம்பும் சேர்ந்தபோது வாடகைக்கு வீடு கட்டவே ஆட்கள் பயந்தார்கள். புதிதாகக் கல்யாணம் கட்டியவர்களுக்கு வீடு கிடைக்காமல் போனது. ஆனால் வீடு முதலில் குடியிருப்பவருக்கு என்ற எண்ணம் அந்தச் சட்டத்தில் இருந்தது. இன்றைய வரிச் சட்டத்திலும் அதன் சுவடு இருக்கிறது. காணி, வீடு விற்ற இலாபத்துக்கான வரி 2018இல் 10 சதவீதமாகத் திரும்பி வந்தது. 2025இல் தனியாட்களுக்கு 15 ஆனது. ஆனால் மூன்று வருடம் வைத்திருந்து, அதில் இரண்டு வருடமாவது தானே குடியிருந்த வீட்டை விற்றால் அந்த வரி இல்லை. நல்ல விதி. இதைத்தான் மற்ற விதிகளுக்கும் நீட்டச் சொல்கிறேன்.

வெள்ளவத்தை நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. 1983 ஜூலைக் கலவரம் பொரளைக் கனத்தை மயானத்திலிருந்துதான் பரவியது. அதற்குப் பிறகு நம்மவர்கள் ஒருவருக்கு ஒருவர் துணையாக வெள்ளவத்தையில் வீடு தேடியதில் பயம் இருந்தது, பாசமும் இருந்தது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது, இலண்டனிலும் டொரொண்டோவிலும் உழைப்பவரின் காசு இங்கே ஏறக்குறைய இரட்டிப்பானது. அப்படி வெளிநாட்டுக் காசில் வாங்கிப் பூட்டிவைத்த தொடர்மாடி வீடுகளின் சாவிகள் சில என் அலுவலகப் பெட்டகத்தில் இருக்கின்றன. அதே ஒழுங்கையில் வாடகைக்கு வீடு தேடும் ஆசிரியை மாதக் கணக்காக அலைகிறார்.

சிட்னியில் உறவினர் உள்ளவர்களுக்கு இந்தச் சர்ச்சை தெரிந்திருக்கும். வாடகை வீட்டில் வரும் நட்டத்தைச் சம்பளத்திலிருந்து கழிக்கும் சலுகையை அவுஸ்திரேலியா 1985இல் நிறுத்தி, 1987இல் திரும்பக் கொடுத்தது. 2019 தேர்தலில் அதைக் குறைப்போம் என்ற தொழிற்கட்சி தோற்றது. கொடுத்த சலுகையைத் திரும்ப எடுப்பது எங்கேயும் கஷ்டம். இங்கும் 2025 ஏப்ரலில் வரவிருந்த, வீட்டின் மதிப்பிட்ட வாடகை மீதான வரி, முதல் வீட்டுக்கு விலக்கு உண்டு என்று சொல்லியும் வராமல் போனது. பூட்டிக் கிடக்கும் வீட்டையும் அது தொட்டிருக்கும்.

நேரம் முடிகிறது, நேயர்களே. அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இரண்டு விஷயத்தை நிதியமைச்சு செய்யும் என்று நம்புகிறேன். திருத்தவேலைக்கான 25 சதவீதத்தைப் பற்றுச்சீட்டு உள்ளவர்களுக்கு மட்டும் கொடுக்கட்டும். அதில் மிஞ்சும் காசில் முதல் வீட்டுக்கடன் வட்டிச் சலுகையைத் திரும்பக் கொடுக்கட்டும். வாடகை ஒப்பந்தத்தில் கையொப்பம் வைக்கப் போகிறவர்கள், திருத்தவேலைப் பந்தியை வாசித்துக் காட்டும்படி உங்கள் நொத்தாரிசைக் கேளுங்கள். கூரையும் சுவரும் யார் பொறுப்பு என்று அதில் எழுதியிருக்க வேண்டும்.