புழுதிப் புயல் யார் செயல்?



1935-ம் வருஷம் ஏப்ரல் 14-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கான்சாஸ், ஒக்லஹோமா, டெக்சாஸ் பக்கத்துச் சமவெளிகளில் பட்டப்பகல் இருட்டாய்விட்டது. மலைபோல் கறுத்தெழுந்த புழுதி ஊர்களை மூடிற்று. உலகம் முடிந்துவிட்டதென்று பலர் பிரார்த்தனை செய்தார்கள். அதனால் ஒரு கைப்பிடி மண்ணாவது நிலத்திற்குத் திரும்பி வந்ததா என்று கேட்கிறோம்.

மழை பொய்த்தது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னும் அங்கு மழை பொய்த்ததுண்டு, காற்று வீசியதுண்டு. அப்போதெல்லாம் புல்லின் வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1914-ல் தொடங்கிய யுத்தத்தில் கோதுமை விலை ஏறவே, புல்வெளிகளை உழுது தள்ளினார்கள். உழுதவன் மனிதன், பழி மட்டும் கடவுள் மேல்!

“காற்றை யாரால் அடக்க முடியும்?” என்பீர்கள். அடக்க வேண்டாம், முதலில் அளக்க வேண்டும். பேக்னால்டு என்ற ஆங்கில ராணுவ எஞ்சினியர் பாலைவன மணலை ஆராய்ந்து 1941-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஓரளவு வேகம் வரை மணல் அசையாது. அதை நன்றாய்த் தாண்டியபின், வேகம் இரட்டித்தால் அடித்துப்போகும் மணல் சுமார் 8 மடங்காகும் என்பது அவர் கண்ட கணக்கு.

ஆகவே, ‘நாளின் சராசரி வேகம்’ என்பது நம்மை ஏமாற்றிவிடும். நாள் முழுதும் மணிக்கு 10 மைல் வீசும் காற்று மண்ணைத் தொடாமலே போகலாம். பாதி நாள் அடங்கிக் கிடந்து பாதி நாள் 20 மைல் வீசினாலும் சராசரி அதே 10 தான். ஆனால் வெறும் புழுதி நிலம் பறக்கத் தொடங்கிவிடும். வெயிலில் தரை சூடேறி, பெரும்பாலும் பிற்பகலில்தான் காற்று வலுக்கிறது, இரவில் தணிகிறது. ஆதலால் இன்று அமெரிக்க விவசாய இலாகா விஞ்ஞானிகள் பல வருஷக் காற்றுக் குறிப்புகளைக் கணிப்பொறியிலிட்டு, நாள்தோறும் மணிதோறும் வேகம் ஏறி இறங்கும் விதத்தை மாதிரி போட்டு, எந்த மாதத்தில் எந்த நிலம் வெறுமையாய்க் கிடக்கக்கூடாதென்று கண்டு சொல்லுகிறார்கள். இதற்கு அவர்கள் ராகுகாலம் பார்க்கவில்லை, காற்றுமானி பார்த்தார்கள்.

கணக்குத் தெரிந்தால் வேலை எளிது. அந்த மாதத்தில் அரிதாளை நிலத்திலேயே விடலாம்; காற்றுக்குக் குறுக்கே சாலோட்டலாம்; மரவரிசை வைக்கலாம். மரத்தின் உயரத்தைப்போல் 10 மடங்கு தூரம் வரை அவ்வரிசை காற்றை நன்கு தணிக்கும். 1934 முதல் 1942 வரை அச்சமவெளிகளில் 20 கோடிக்கு மேல் மரங்கள் நட்டார்கள்.

தோழர்களே! காற்றுக்குக் கோபமுமில்லை, கருணையுமில்லை, கணக்குத்தான் உண்டு. அதைப் படிக்காத குற்றத்தைத் தலைவிதியின் மேல் போட்டுவிட்டால், நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுப்போவது நிலமல்ல, புழுதியே என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.