சுத்தியலைக் கீழே வைத்தவர்கள்

மலையேறுபவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எவ்வளவு உயரம், எத்தனை நாள், முதலில் ஏறியவர் யார் என்றுதான் நாம் கேட்கிறோம். எப்படி ஏறினார்கள், ஏறிய பின் அந்த மலை என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் குறைவு. இந்த இரண்டு கேள்விகளையும் முன்னிறுத்திய ஓர் ஏற்றம் 1973-இல் கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் நடந்தது. டக் ராபின்சன், டென்னிஸ் ஹென்னெக், கேலன் ரோவெல் ஆகிய மூவர் ஹாஃப் டோம் பாறையின் வடமேற்கு முகத்தில் ஏறினார்கள். ஏறத்தாழ 600 மீட்டர் உயரமுள்ள செங்குத்தான கருங்கல் சுவர் அது. 1957-இலேயே ராயல் ராபின்ஸும் அவருடைய தோழர்கள் இருவரும் ஐந்து நாளில் அதை ஏறி முடித்திருந்தார்கள். ஆகவே 1973-இல் ஏறியவர்களுக்கு முதலில் ஏறியவர்கள் என்ற பெருமை இல்லை. அவர்கள் கைவிட்டுப் போன ஒரு கருவியால்தான் அந்த ஏற்றம் பேசப்படுகிறது. அந்தக் கருவி சுத்தியல்.

சுத்தியல் எதற்கு? ஏறுபவர் தவறி விழுந்தால் கயிறு தாங்க வேண்டும். கயிற்றை மாட்டப் பாறையில் ஒரு பிடிமானம் வேண்டும். நெடுங்காலம் அந்தப் பிடிமானமாக இருந்தது பிட்டான் என்ற இரும்பு முளை. அதைப் பாறை விரிசலில் வைத்து அறைந்து இறக்குவார்கள். ஐரோப்பாவில் மென்மையான இரும்பாலான முளைகளை அடித்த இடத்திலேயே விட்டுவிடுவது வழக்கம். யோசெமிட்டியில் ஏறியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. மலையில் எதையும் விட்டு வரக்கூடாது என்பது அவர்கள் கொள்கை. பிற்காலத்தில் பட்டகோனியா ஆடை நிறுவனத்தைத் தொடங்கிய இவோன் ஷூனார்ட், 1957-இல் கொல்லுவேலையைத் தாமே கற்றுக்கொண்டு, திரும்பத் திரும்ப அடிக்கத்தக்க உறுதியான எஃகு முளைகளைச் செய்து விற்கத் தொடங்கினார். முன்னால் போகிறவர் அடிப்பார், பின்னால் வருகிறவர் இரண்டு பக்கமும் தட்டி அசைத்துப் பிடுங்குவார். நோக்கம் நல்லதுதான். ஆனால் கதவு நிலையில் ஒரே இடத்தில் ஆணியை அடித்து அடித்துப் பிடுங்கினால் துளை என்ன ஆகுமோ, அதுவே கருங்கல்லுக்கும் ஆயிற்று. செரினிட்டி கிராக் என்ற பாதையில் மெல்லிய கீறலாக இருந்த விரிசல், இன்று விரல் நுனிகள் புகும் குழிகளின் வரிசையாக இருக்கிறது. அத்தனையும் முளைகள் தோண்டியவை. எதையும் விட்டு வராதே என்ற விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்ததால் விளைந்த சேதம் இது என்பதை நாம் கவனிக்க வேண்டும். அந்த விதி மிஞ்சும் பொருளைக் கணக்கில் எடுத்தது. பாறையில் மிஞ்சும் வடுவை எடுக்கவில்லை.

மாற்று வழி பிரிட்டனில் ஏற்கெனவே இருந்தது. அங்கே விரிசலில் கூழாங்கல்லைச் செருகி, அதைச் சுற்றிக் கயிற்றைக் கட்டுவார்கள். பின்னர் ரயில் பாதையோரம் கிடந்த இயந்திர நட்டுகளைப் பொறுக்கிக் கயிற்றில் கோத்துப் பயன்படுத்தினார்கள். அதிலிருந்துதான் நட் என்ற உலோகச் செருகுகட்டை பிறந்தது. விரிசல் கீழ்நோக்கிக் குறுகும் இடத்தில் கையால் செருகினால், இழுக்க இழுக்க இறுகும். மேல்நோக்கித் தள்ளினால் கழன்றுவிடும். 1966-இல் இங்கிலாந்து சென்று அதைப் பார்த்த ராயல் ராபின்ஸ், மறு ஆண்டே மனைவி லிஸ்ஸுடன் யோசெமிட்டியில் நட்களை மட்டும் கொண்டு நட்கிராக்கர் என்ற புதுப் பாதையில் ஏறிக் காட்டினார். ஷூனார்டும் அவருடைய கூட்டாளி டாம் ஃப்ராஸ்டும், யோசெமிட்டியின் எல் கேப்பிட்டன் பாறையின் சிதைவைக் கண்டு மனம் வெறுத்துத் திரும்பினார்கள். 1972-இல் அவர்கள் வெளியிட்ட விற்பனைப் பட்டியலில், முளைகள் பாறையை அழிக்கின்றன என்று அவர்களே எழுதினார்கள். சுத்தியலில்லாத ஏற்றத்தை விளக்கும் டக் ராபின்சனின் நீண்ட கட்டுரையும் அதில் இடம்பெற்றது. அடுத்த ஆண்டு அந்த ராபின்சன்தான் ஹாஃப் டோமில் ஏறிய மூவரில் ஒருவர்.

அவர்களுடைய சாதனையாக நான் கருதுவது இது. இயற்கையைக் காக்கும் பொறுப்பை அவர்கள் ஏறி முடித்த பிறகு செய்யும் தொண்டாக வைக்கவில்லை, ஏறும் திறமைக்குள்ளேயே வைத்தார்கள். முளை அடிப்பவருக்கு வலிமை போதும், விரிசல் இடம் கொடுக்காவிட்டாலும் அடித்து இறக்கிவிடலாம். நட் வைப்பவர் விரிசலைப் படிக்க வேண்டும். எங்கே குறுகுகிறது, உள்ளே எந்தப் பக்கம் சாய்கிறது, விழும்போது இழுவிசை எந்தத் திசையில் வரும் என்றெல்லாம் ஒரு கையில் தொங்கியபடி கணிக்க வேண்டும். பாறையின் போக்கை அறியாதவரால் அதைச் செய்ய முடியாது. பாறைக்குக் கெடுதல் செய்யாததும் கலையில் தேர்ந்ததும் இங்கே ஒரே செயலாகிவிடுகின்றன. அறிவுரையை மறப்பது எளிது. பெருமைக்குரிய திறமையை யாரும் எளிதில் விடமாட்டார்கள். சில மாதங்களிலேயே முளை விற்பனை சரிந்து, நட்கள் செய்யச் செய்யத் தீர்ந்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். ரோவெலின் படங்களும் எழுத்துமாக 1974 ஜூன் மாத நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழின் அட்டைக் கட்டுரையாக இந்த ஏற்றம் வெளிவந்தபோது, அது மலையேறாதவர்களையும் எட்டியது.

புதுச் சரக்கை விற்க வணிகர்கள் செய்த விளம்பரம்தானே இது என்று சிலர் கேட்கலாம். ஷூனார்ட் நட்களை விற்றார், லாபமும் பார்த்தார். ஆனால் அந்த நேரத்தில் அவருடைய தொழிலின் முதுகெலும்பே முளைகள்தான். தம் கடையில் அதிகம் விற்கும் பொருள் பாறையை அழிக்கிறது என்று தம் பட்டியலிலேயே அச்சிட்ட துணிவை வெறும் வணிகத் தந்திரம் என்று நான் ஒதுக்கமாட்டேன். இன்னும் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. 1957-இல் பாறையைத் துளையிட்டு அடித்த போல்ட்டுகள் ஹாஃப் டோம் பாதையில் ஏற்கெனவே இருந்தன. பழைய வடுவின்மீதுதான் இந்தத் தூய்மை நின்றது என்பார்கள். உண்மைதான். ஆனால் ஏறத் தொடங்கும்போது பாறை எந்த நிலையில் இருந்ததோ, அதற்குமேல் ஒரு கீறலும் சேர்க்காமல் இறங்க முடியும் என்பதே நிரூபிக்க வேண்டியிருந்தது. அதை அந்த மூவரும் நிரூபித்தார்கள். உயிருக்கு ஆபத்து என்ற அச்சமும் அப்போது பலமாகவே எழுந்தது. நன்றாகப் பொருந்திய நட் விழுபவரைத் தாங்கும் என்று ஆயிரக்கணக்கான ஏற்றங்கள் காட்டிய பின் அது தானே அடங்கியது.

எவரெஸ்டை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஏறுபவர் ஒவ்வொருவரும் 8 கிலோ குப்பையைக் கீழே கொண்டுவர வேண்டும் என்று 2014-இல் நேபாள அரசு விதித்தது. ஓர் அணிக்கு 4,000 டாலர் பிணைத்தொகையும் வைத்தது. ஆனால் பலரும் தாழ்வான முகாம்களின் குப்பையைக் கொண்டுவந்து கணக்கை நேர் செய்தார்கள், உயர்ந்த முகாம்களில் கிடந்தது அங்கேயே கிடந்தது. பல நேரம் அதைச் சுமந்து இறக்குபவர் உச்சியை அனுபவித்தவர் அல்லர், அவருக்காக உழைக்கும் ஷெர்பா. யோசெமிட்டி முறையில் கயிற்றின் மறுமுனையில் வரும் தோழரே நட்டை விரலால் கழற்றித் தம் இடுப்பில் மாட்டிக்கொள்கிறார். மகிழ்ச்சியும் பொறுப்பும் ஒரே அணியிடம் இருக்கின்றன. பொறுப்பைக் கூலிக்கு விடும் சாகசத்தை எத்தனை சான்றிதழ் கொடுத்தும் பொறுப்புள்ளது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எனக்கு உண்மையிலேயே கவலை தரும் மறுப்பு எண்ணிக்கை பற்றியது. நட்களும், ரே ஜார்டின் வடிவமைத்து 1978-இல் விற்பனைக்கு வந்த விரியும் பிடிமானக் கருவிகளும் ஏறுவதை எளிதாக்கின. கூட்டம் பெருகியது. கைக்குப் பூசும் வெள்ளைப் பொடியின் தடம் பாறையில் படிகிறது, அடிவாரத்தில் மண் அரிக்கிறது. இதற்கும் அந்தப் பழைய கொள்கையிலிருந்து ஒரு பகுதி விடை கிடைத்தது. முன்பெல்லாம் பல நாள் சுவரில் தங்குபவர்கள் மலத்தைத் தாள்பையில் கட்டிக் கீழே எறிவதுண்டு. இன்று அது விதிமீறல். மூடியிட்ட குழாயில் அடைத்து, பொதிக்கு அடியில் தொங்கவிட்டு, உச்சிவரை தாங்களே இழுத்துச் செல்கிறார்கள். ஆனால் தனி ஆளின் திறமை கூட்டத்தைக் குறைக்காது. 2021 முதல் சுவரில் இரவு தங்குபவர்கள் அனுமதிச் சீட்டு பெற வேண்டியிருக்கிறது. தொடக்கத்தில் அதற்குக் கட்டணமும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. எல் கேப்பிட்டனின் நோஸ் போன்ற பாதைகளில் பருவகாலத்தில் ஓர் அணி நகரும்வரை அடுத்த அணி காத்திருக்கும் நிலையில், வரம்பு வேண்டும் என்பதே என் கருத்து. அந்தக் கோரிக்கையைப் பூங்கா நிர்வாகத்திடம் முதலில் கொண்டுபோக வேண்டியவர்கள் ஏறுபவர்களே.