ஏரிக்கு ஏரி, பள்ளிக்குப் பள்ளி

திருத்தணி வட்டாரத்து ஏரிப் பாசனத்தைப் பற்றி இன்று ஒரு தகவல்.

நம் முன்னோர் பல இடங்களில் ஏரிகளைச் சங்கிலித் தொடராக அமைத்தார்கள். மேல் ஏரி நிரம்பினால் உபரிநீர் கலங்கல் வழியே இறங்கி, கால்வாயில் ஓடி, கீழ் ஏரியை நிரப்பும். நடுவில் அந்தக் கால்வாய் தூர்ந்துபோனால் அடுத்த ஊர் வயலும் கிணறும் வறண்டுவிடும்.

ஆகவே ஏரியைக் காக்கும் பாடத்தை ஒரே பள்ளி நடத்தினால் போதாது. 2001-02இல் தொடங்கிய தேசிய பசுமைப் படை என்னும் மாணவர் சுற்றுச்சூழல் மன்றங்கள் பல பள்ளிகளில் இருக்கின்றன. அவற்றின் வழியே மேல் ஏரிப் பள்ளியும் கீழ் ஏரிப் பள்ளியும் கைகோக்கட்டும். ஆசிரியர் துணையோடு மாணவர்கள் கால்வாய் நெடுக நடந்து, மதகு, கலங்கல், அடைப்பு, குப்பை எல்லாவற்றையும் வரைபடத்தில் குறிக்கட்டும். மாதந்தோறும் நீர்மட்டத்தை எழுதி, இரு பள்ளிகளும் பகிர்ந்துகொள்ளட்டும்.

எப்போது தொடங்கலாம்? திருத்தணி தந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்திலேயே தொடங்கலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான் வரும். அதற்குள் அந்த வரைபடத்தை ஊராட்சி மன்றத்தில் கொடுத்துவிட்டால், மழைக்கு முன்பே அடைப்பை நீக்கச் சொல்லிக் கேட்கலாம். பெற்றோர்களே, நீங்களும் பிள்ளைகளோடு நடந்து வாருங்கள்!