ஒரு விண்ணப்பம், ஊர்தோறும் வாயில்!

(மாணவர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



கல்லூரிக் கதவைத் தட்ட வேண்டுமென்றால், முன்பெல்லாம் கால் தேய வேண்டும். கைப்பொருள் கரைய வேண்டும். கல்லூரிக்கொரு விண்ணப்பம், விண்ணப்பத்துக்கொரு கட்டணம், கட்டணத்தோடு ஒரு பயணம்! பணம் படைத்தவன் பத்து வாயிலில் நின்றான். பாட்டாளியின் மகன் ஒரு வாயிலோடு நின்றுவிட்டான். தகுதி குறைந்ததாலா? தகப்பனின் மடியில் காசு குறைந்ததால்!

அந்த அவலத்தை அகற்ற 1997-இல் வந்தது பொறியியல் படிப்புக்கான ஒற்றைச் சாளர முறை. 1984 முதல் ஏழையை வழிமறித்து நின்ற நுழைவுத் தேர்வு, 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. 2018 முதல் கலந்தாய்வு இணையவழிக்கு வந்தது. 2021-இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு கிடைத்தது. இன்று ஒரே விண்ணப்பம். 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள்!

விண்ணப்பம் என்றால் வெறுந்தாள் என்று எண்ணாதீர்கள். வரலாற்றைக் கேளுங்கள். வகுப்புவாரி ஆணையை எதிர்த்து, மருத்துவக் கல்லூரி இடத்துக்காக 1950-இல் வழக்குத் தொடுத்த செண்பகம் துரைராசன் அம்மையார், அக்கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே அது பதிவாகியிருக்கிறது! ஆயினும் 1951-இல் ஆணை வீழ்ந்தது. தமிழகம் கொதித்தெழுந்தது, அவ்வாண்டே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. போடாத விண்ணப்பத்தின் பின்னால் இத்தனை போராட்டம் என்றால், நம் வீட்டுப் பிள்ளை போடுகின்ற விண்ணப்பத்தில் எத்துணை விழிப்பு வேண்டும்!

கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50; ஆக 200-க்கு மதிப்பெண் கணக்கிட்டுத் தரவரிசை தருகிறார்கள். அதற்குப் பின்னர்தான் பிள்ளை தன் விருப்பப் பட்டியலை எழுதுகிறான். அங்கேதான் அச்சம் அவனை ஆட்கொள்ளுகிறது. "பெரிய கல்லூரி நமக்கெங்கே கிடைக்கும்?" என்று எளிதில் கிடைப்பதை முதலில் எழுதிவிடுகிறான். கணிப்பொறிக்கு இரக்கமும் தெரியாது, ஏளனமும் தெரியாது. பட்டியலின் உச்சியிலிருந்து இறங்கி வந்து, அவன் முறையில் காலியாக உள்ள முதல் இடத்தைத் தந்துவிடும். ஆசைப்பட்டதை மேலே வைத்தால் அடியிலுள்ளது பறிபோகாது. அடியிலுள்ளதை மேலே வைத்தால், ஆசைப்பட்டது காலியாக இருந்தாலும் கைக்கு வராது! இரண்டு மூன்று பெயரோடு பட்டியலை முடித்தாலோ, எதுவுமே கிடைக்காமற்போகும் இடர் உண்டு.

எழுதியதை மாற்றலாமா? காலக்கெடு முடியும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். நாடகம் எழுதுகிறவன் நான். ஒத்திகையில் காட்சிகளை முன்பின்னாக அடுக்கிப் பார்ப்போம். திரை உயர்ந்தபின் அது முடியாது. பட்டியல் பூட்டப்படுவதும் அவ்வாறே.

அடுத்த வீட்டுப் பட்டதாரியிடம் கேட்டுக்கொள்ளும் வசதி சிலருக்கு உண்டு. தலைமுறையில் முதன்முதலாகப் படிக்கவரும் உழவன் மகளுக்கு யார் இருக்கிறார்கள்? கணினிக் கடைக்காரர் அவசரத்தில் தட்டியதே அவள் தலையெழுத்தாக வேண்டுமா?

தோழர்களே, அவளுக்கு நீங்கள் இருக்க வேண்டும்! கிளைக் கழகந்தோறும் இந்தப் பணி நடக்கட்டும். சாதிச் சான்றிதழும் முதல் பட்டதாரிச் சான்றிதழும் காலத்தே கிடைக்க வட்டாட்சியர் அலுவலகத்துக்கு உடன் செல்லுங்கள். சான்றில்லையேல் 69 விழுக்காடும் ஏட்டுச் சுரைக்காய்தான். ஒரே பெயரில் பல கல்லூரிகள் உள்ளன. ஆகவே கல்லூரியின் குறியீட்டு எண்ணையும் பாடப்பிரிவின் குறியீட்டையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக் காட்டுங்கள். கடவுச்சொல் பிள்ளையிடமே இருக்கட்டும். வழிகாட்டுங்கள்; முடிவை அவள் எடுக்கட்டும்.

மேடையில் சமூகநீதி முழங்குகிறோம், முழங்குவோம். அந்த முழக்கம், ஒரு குடிசையில், ஒரு சிறுமியின் அருகமர்ந்து, பட்டியலின் முதல் வரியைத் துணிந்து எழுதச் சொல்லும் அன்றே வெற்றி முழக்கமாகும்!