பக்கத்து வீட்டுக்காரர்

சென்னையிலிருந்து வேலை நிமித்தம் சிங்கப்பூருக்குக் குடியேறுகிறது ஒரு குடும்பம். கணவருக்கு அலுவலகம், பிள்ளைக்குப் பள்ளி. மனைவிக்கு? ஊரில் சம்பாதித்தவர், இங்கே 'டிபெண்டன்ட் பாஸ்' வைத்திருப்பவர். முன்பு வேலை கிடைத்தால், மனிதவள அமைச்சின் ஒப்புதல் கடிதம் போதுமாக இருந்தது. 2021 மே முதல், சொந்தத் தொழில் நடத்துவோர் நீங்கலாக, மற்றவர்கள் தனி வேலை அனுமதி பெறவேண்டும்.

தேக்கா சந்தையில் முருங்கைக்காய் கிடைக்கிறது, பேச்சுத்துணைதான் கிடைப்பதில்லை. வீவக வீட்டுக் கதவைச் சாத்தினால், மாலைவரை நான்கு சுவர்களே உறவு.

சட்டத்தை நாம் மாற்ற முடியாது. மின்தூக்கியில் பார்க்கும்போது, "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்கலாமே! கப்பலேறி வந்த நம் பாட்டன்மாரும் அந்த ஒரு கேள்விக்குத்தானே ஏங்கியிருப்பார்கள்?