கையெழுத்து போடும் முன் கேளுங்கள்

(ஜவ்வாது மலைக் குழுப் பெண்கள் கூட்டத்தில் பேசியது)



இதய ஆபரேஷன் என்றாலே நமக்கு வயிறு கலங்கும். அந்த நேரத்தில் டாக்டர் ஒரு தாளை நீட்டி, "ஒரு ஆராய்ச்சி நடக்குதும்மா, உங்க குழந்தையைச் சேர்த்துக்கலாமா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? "நம்ம புள்ளைய வெச்சு சோதனை பண்ணுறாங்களோ" என்று சிலர் பயந்து, ஆபரேஷனே வேண்டாம் என்று ஊருக்குத் திரும்பி விடுகிறார்கள். சிலர் என்ன ஏது என்று கேட்காமல் கைநாட்டு வைத்து விடுகிறார்கள். இரண்டும் தப்பு.

இன்று நம்மைக் காப்பாற்றுகிற ஆபரேஷன் எல்லாம் ஒரு காலத்தில் ஆராய்ச்சியாக இருந்தவைதான். திருப்பத்தூர் இறங்கினால் வேலூர் எட்டுகிற தூரம். அங்கே சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் 1949-ல் டாக்டர் ரீவ் பெட்ஸ் நெஞ்சு அறுவை சிகிச்சைக்குத் தனிப் பிரிவு தொடங்கினார். 1961-ல் டாக்டர் கோபிநாத் இதயத்தைத் திறந்து ஆபரேஷன் செய்தார். ஆபரேஷன் முடியும் வரை இதயமும் நுரையீரலும் செய்கிற வேலையை ஒரு மெஷின் செய்தது. இந்தியாவில் முதன்முதலில் நடந்த இப்படிப்பட்ட ஆபரேஷன்களில் அது ஒன்று.

இன்னொன்று சொல்கிறேன். பிள்ளைகளுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வரும். சரியாக மருந்து கொடுக்காமல் விட்டால், சில பிள்ளைகளுக்கு அது ருமாட்டிக் காய்ச்சலாக மாறி இதய வால்வைக் கெடுத்துவிடும். பெரியவளாகி, கர்ப்பமானபோது மூச்சு வாங்கும்; அப்போதுதான் சில பெண்களுக்கு நோயே தெரியும். கெட்ட வால்வை மாற்ற வெளிநாட்டு வால்வு வாங்க வேண்டியிருந்தது. விலை அதிகம். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை நிலையத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் நம் நாட்டிலேயே வால்வு செய்யப் பாடுபட்டார்கள். முதல் மூன்று மாதிரிகள் தோற்றுப் போயின. நான்காவதைச் செம்மறி ஆடுகளுக்குப் பொருத்திப் பார்த்து, பிறகுதான் 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு வைத்தார்கள். இன்று லட்சம் பேருக்கு மேல் அந்த வால்வு பொருத்தப்பட்டிருக்கிறது. முதலில் சம்மதித்த அந்த நோயாளிகள் இல்லாவிட்டால் இது நடந்திருக்குமா?

அதற்காக, கேட்டவுடன் சம்மதிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் குழுவில் தீர்மானத்தை வாசித்துக் காட்டாமல் யாராவது கையெழுத்துப் போடுகிறோமா? அதே பழக்கம் ஆஸ்பத்திரியிலும் இருக்கட்டும். இவை நம் உரிமைகள்:

1. ஆபரேஷனுக்கான சம்மதம் வேறு, ஆராய்ச்சிக்கான சம்மதம் வேறு. இது எது என்று கேளுங்கள்.

2. விவரம் தமிழில், புரிகிற மாதிரி சொல்லப்பட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆராய்ச்சியில் சம்பந்தப்படாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும்.

3. வேண்டாம் என்று சொல்லலாம். சேர்ந்த பிறகும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் நடந்தாலும் இதே விதிதான்.

4. குழந்தைக்காகப் பெற்றோர் கையெழுத்துப் போடுவார்கள். ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் அதனிடமும் சொல்லி, அதன் சம்மதத்தையும் கேட்க வேண்டும்.

5. ஆராய்ச்சியால் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் உண்டு. புது மருந்து சோதனைகளுக்கு 2019-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளும் இதைச் சொல்கின்றன.

6. கையெழுத்துப் போட்ட தாளின் நகல் ஒன்றை வாங்கி வையுங்கள். யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்று அதில் போன் நம்பர் இருக்கும்.

டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். "இதில் சேராவிட்டால் என் குழந்தைக்கு என்ன சிகிச்சை? சேர்ந்தால் என்ன மாறும்? என்ன ஆபத்து இருக்கு?" பதில் புரியும் வரை கேட்கலாம். வீட்டில் பேசிவிட்டு வருகிறேன் என்று நேரமும் கேட்கலாம். அதில் வெட்கமே இல்லை.

பால் குடிக்கும்போது குழந்தைக்கு வியர்த்துக் கொட்டினாலோ, உதடு நீலமானாலோ நாள் கடத்தாதீர்கள். ஆராய்ச்சி என்ற சொல்லுக்குப் பயந்து சிகிச்சையை விட்டுவிடவும் வேண்டாம். குழுவில் படித்த ஒருவர் துணைக்குப் போங்கள். தாளை வாசித்துச் சொல்ல ஒரு ஆள் கூட இருந்தாலே பாதி பயம் போய்விடும்.