அறத்தின் மூன்று வழிகள்



நன்மை, தீமை இரண்டனுள் நன்மையைத் தெரிந்துகொள்வது அரிதன்று. இரண்டு கடமைகள் எதிரெதிரே நிற்க, ஒன்றைக் கொண்டால் மற்றொன்று வழுவும் என்னும் நிலையே மாந்தரை அலைக்கழிக்கிறது. இதனையே தருமசங்கடம் என்பர். அந்நிலையில் முடிவெடுக்கும் முறைகளைக் கம்பர் தத்துவமாக விரித்துரைக்கவில்லை. மூன்று பாத்திரங்களின் வாழ்வாகவே காட்டினார். மாரீசன், வீடணன், கும்பகருணன் ஆகிய மூவர்க்கும் சிக்கல் ஒன்றே. மூவரும் இராவணனுக்கு உறவினர்; அவன் செயல் தவறென்று உணர்ந்தவர். முடிவுகளோ மூன்று.

மாரீசன் முதலில் அறிவுரை கூறுகிறான். இணங்காவிடின் கொல்வேன் என இராவணன் வெகுண்டதும், அவன் வாளால் மடிவதினும் இராமன் அம்பால் மடிதல் மேல் என்றெண்ணிப் பொன்மானாகிறான். இது தன் சாவை மட்டுமே எடைபோட்ட முடிவு. இறக்கும்போது அவன் இராமன் குரலில் எழுப்பிய ஓலம் இலக்குவனைச் சீதையிடமிருந்து பிரித்தது. குற்றமற்ற அவள் சிறைப்பட வழிகோலியது. 'எவ்வாறு சாவது?' என்று வினவியவன், 'இதன் சுமை யார்மேல் விழும்?' என்று வினவவில்லை.

வீடணன் மந்திரப் படலத்தில் அண்ணனுக்கு நயந்து உரைக்கிறான்; இரணியன் கதையையும் சொல்லிப் பார்க்கிறான். கண்முன் நில்லாதே என்று இராவணன் கடிந்த பின்னரே இலங்கையை நீங்குகிறான். குருதி உறவினும் அறம் பெரிது என்பது அவன் துணிவு. அத்துணிவுக்கும் விலையுண்டு. மகன் முறையினனான இந்திரசித்தின் வேள்வியை அழிக்க அவனே வழிகாட்ட நேர்ந்தது. இராவணன் வீழ்ந்தபின் அவ்வுடல்மேல் விழுந்து அரற்றியவனும் அவனே. சரியான முடிவு துயரத்தைத் துடைத்துவிடுவதில்லை என்பது இங்கு விளங்கும்.

கும்பகருணனும் மந்திர அவையில் அண்ணனின் தவற்றை மறைக்காது எடுத்துரைத்தான். துயிலெழுப்பப்பட்டபோது சீதையை விட்டுவிடுமாறு மீண்டும் வேண்டினான். அது ஏற்கப்படாதபோது செஞ்சோற்றுக் கடன் தீர்க்கப் போர்க்களம் புகுந்தான். அங்கே வந்து அழைத்த வீடணனுக்கு இணங்க மறுத்தான். ஆயினும் தம்பியின் முடிவைப் பழிக்கவில்லை. இராமனிடமே திரும்பிச் செல்லுமாறு பணித்தான். இறக்குந் தறுவாயில், அவனைக் காக்குமாறு இராமனையே வேண்டினான். தன் முடிவில் உறுதியும் பிறர் முடிவில் மதிப்பும் ஒருங்கே அமைந்த அருமை இது. எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. நன்றிக்காகத் தன்னுயிரைத் தரலாம். அந்நன்றிக்காக அவன் கையால் மடிந்த வானரரின் உயிர்க்கு யார் விடை சொல்வது?

1939இல் காரைக்குடியில் கம்பன் கழகம் தோன்றியது. அதன் பின் வளர்ந்த பட்டிமன்ற மரபில், வீடணனா கும்பகருணனா எனத் தீர்ப்பு வழங்குதல் வழக்கமாயிற்று. கம்பரோ இருவர்க்கும் கண்ணீர் சிந்த இடம் தருகிறார். தீர்ப்பினும் மேலான ஒன்று, முடிவுக்குச் சென்ற வழியில் உள்ளது. முதலாவது, மூவரும் முதற்கண் இடித்துரைத்தனர். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விலகுவதும் அறமன்று, உடன்படுவதும் அறமன்று. இரண்டாவது, முடிவின் சுமையைத் தான் தாங்குகிறோமா, பிறர்மேல் ஏற்றுகிறோமா என்று ஆராய வேண்டும். மூன்றாவது, வேறு வழி சென்றவனைப் பகைவனாகக் கருதலாகாது.

இவ்வினாக்கள் புலவர்க்குப் புதியன அல்ல. சோறிட்ட புரவலன் நெறி தவறும்போது புகழ்ந்து பாடுவதா, வாய்மூடி இருப்பதா, இடித்துரைத்து இழப்பை ஏற்பதா? புரவலர் இடத்தில் இன்று பதவியும் பரிசும் விருதும் நிற்கலாம், வினா மாறவில்லை. மாரீசனின் அச்சமும் மனிதர்க்கு இயல்பே. ஆயினும் அச்சத்தால் எடுத்த வேடம் யாரோ ஒரு சீதையைச் சிறைப்படுத்தும் என்பதைப் பேனா பிடித்த கை மறத்தல் ஆகாது.